போய்வர ஆகும் நேரம்

"மூணு மணி நேரம் முன்னாடி போனா போதும் சித்தப்பா, டிக்கெட்லயே போட்டிருக்கான்…"

"டிக்கெட்ல போடறவனுக்கு ஹெப்பாள் பிரிட்ஜ் தெரியுமா? ஒரு தூறல் போட்டா…"

"எங்க தூறல்? வெளிய பாருங்க, வெயில் கொளுத்துது…"

"வெயில்லயும் நிக்கும்மா வண்டிங்க. அண்ணன் இருந்திருந்தா இந்நேரம் உன்ன வண்டியில ஏத்தி உக்கார வெச்சிருப்பாரு."

"அப்பா இருந்திருந்தா அவர் கிட்டயும் இதையேதான் சொல்லிட்டு நின்னிருப்பேன்."

சுவரோரம் முக்காலியில் வைத்திருந்த சந்திரசேகரனின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பீன்யா தொழிற்பேட்டையில் வேலை பார்த்த கம்பெனியின் அடையாள அட்டைக்காக எடுத்த படம்; பெரிதாக்கியிருந்தார்கள். யாரோ தாமதமாக வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் போல இருந்தார் அதில்.

அவர் மனைவி வனஜா மூலையில் பாய்மேல் உட்கார்ந்திருந்தாள். கொழுந்தன் ஞானசேகரனையும் மகள் சௌம்யாவையும் மாறி மாறிப் பார்த்தாள். இது இவர்கள் சண்டையே இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சந்திரசேகரன் ஆரம்பித்து வைத்தது. "வெள்ளிக்கிழமை நாலு மணி பிளைட்டுன்னா பதினோரு மணிக்கு அங்க இருக்கணும்" என்றார். "அஞ்சு மணி நேரம் அங்க உக்காந்து நான் என்னப்பா பண்ணுவேன், ஈ ஓட்டுவேனா?" என்றாள் மகள். தட்டில் சப்பாத்தி விறைத்துப்போகும் வரைக்கும் இரண்டு பேரும் விடவில்லை. கடைசியில் அவர்தான், "சரி, காலைல பேசிக்கலாம்" என்று எழுந்தார். பழைய சிவப்புத் துண்டு ஒன்றைக் கிழித்து, மகளின் இரண்டு பெட்டிகளில் ஒன்றின் கைப்பிடியில் அடையாளத்துக்குக் கட்டினார். மற்றதுக்குக் கட்டுவதற்குள் கரண்ட் போய்விட்டது. அதையும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தார். காலையில் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போயிருக்கிறார் என்றார் டாக்டர்.

புதன்கிழமை சாயங்காலம் கல்பள்ளிச் சுடுகாட்டில் எரித்தார்கள். மகன் இல்லாததால் தம்பிதான் கொள்ளி வைத்தார். வியாழக்கிழமை பால் ஊற்றினார்கள். இன்று வெள்ளி. சௌம்யா மஸ்கட்டில் தங்கியிருப்பதற்கான அட்டை நாளையோடு முடிகிறது. அந்த ஊருக்குள் இருந்தால்தான் அதைப் புதுப்பிக்க முடியுமாம். போய்ப் புதுப்பித்துக்கொண்டு, புருஷன் ஹரிஷ்குமாரையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு பதினாறாம் நாளுக்கு வருவதாக ஏற்பாடு. போயே ஆகவேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. எப்போது கிளம்புவது என்பதில்தான்.

ஞானசேகரன் இன்னொரு பக்கமாக வந்தார். "மூணு மணி நேரம்னா நீ பதினொண்ணே முக்காலுக்குக் கெளம்பணும். வெள்ளிக்கிழமை பத்தரைலருந்து பன்னெண்டு ராகுகாலம். சாவு வீட்லருந்து போற பொண்ணு ராகுகாலத்துலயா வாசப்படி தாண்டுவே?"

"சாவு வீட்டுக்கு எதுக்கு சித்தப்பா ராகுகாலம்? வர வேண்டியது வந்தாச்சே."

"வாய் பாரு. அப்படியே அண்ணன் வாயி."

"பத்து மணிக்கே கெளம்பலாம்" என்றாள் வனஜா.

இரண்டு பேரும் திரும்பினார்கள். மூன்று நாளாக அவள் தானாக எதையும் சொல்லியிருக்கவில்லை, ஒரு கதையைத் தவிர.

"அம்மா, நீயுமா?"

"அவரு சொன்ன நேரம். கெளம்பலாம். நானும் வரேன்."

ஞானசேகரன் கேட்டது சரிதானா என்பது போலத் தலையைச் சாய்த்தார். "எங்க வரீங்க அண்ணி?"

"ஏர்போர்ட்டுக்கு."

"பதினாறு நாள் முடியாம நீங்க வாசல் தாண்டக் கூடாது. நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"யாரந்த நாலு பேரு? நேத்தே எல்லாம் ஓசூர் பஸ் ஏறிட்டாங்க."

"சிரிக்கற விஷயமா இது அண்ணி?"

"நான் சிரிக்கல தம்பி. ஒரு விஷயம் எனக்குத் தெரியணும், அதுக்குத்தான். இத்தன வருஷத்துல அவரு எந்த நேரம் எங்க இருப்பாருன்னு எனக்குத் தெரியும். எந்த பஸ்ஸு, எந்த ஷிப்டு, ஷிப்டு முடிஞ்சா எந்தக் கடையில டீ, அத்தனையும் தெரியும். தெரியாத எடம் அது ஒண்ணுதான். இவள விடறேன்னு காலைல போவாரு. இருட்டற நேரத்துக்கு வருவாரு. அவ்வளவு நேரம் என்னா பண்ணீங்கன்னா, சும்மா உக்காந்திருந்தேம்பாரு. சும்மா உக்காந்திருக்கற மனுஷனா அவரு? ஞாயித்துக்கிழமை கூட எதையாவது கழட்டி மாட்டிட்டு இருப்பாரு."

வாசலில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுக் கன்னடக்காரி சந்திரம்மா. அடுப்பு பற்றவைக்காத வீட்டுக்கு மூன்று நாளாக அவள்தான் சாப்பாடு கொண்டுவருகிறாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றியிருப்பாள்.

"ஹோக்லி பிடி ஞானசேகரண்ணா" என்றாள். "போகட்டும் விடுங்க. அவங்க புருஷன் உக்காந்த எடம், பாத்துட்டு வரட்டும். நம்ம பையன் சுனில் ஜெர்மனி போறப்ப அவருதானே கூட போனாரு? டிபன் கூட சாப்பிட விடல பையன. நான் அப்பவே வனஜம்மா கிட்ட சொன்னேன், அந்தப் பக்கம் உங்க வீட்டுக்காரருக்கு இன்னொரு வீடு இருக்கு, நோடி, பாத்துக்கோங்க அப்படின்னு."

"இருந்தா நல்லதுதான். அவளும் வந்து ரெண்டு நாள் அழுதுட்டுப் போகட்டும்" என்றாள் வனஜா.

சந்திரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஞானசேகரன் படத்தைப் பார்த்து, அண்ணனிடம் முறையிடுவது போலக் கையை விரித்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சந்திரம்மா சொன்னது பொய்யில்லை. சௌம்யாவில் ஆரம்பித்தது, பிறகு அவர்கள் குடியிருந்த ஆஸ்டின் டவுனின் இரண்டு தெருவில் யார் வீட்டுப் பிள்ளை வெளிநாடு கிளம்பினாலும் முந்தின நாளே சந்திரசேகரனைத் தேடி வந்தார்கள். டெஸ்மண்ட் வீட்டுப் பெண் கனடா போனபோது அவள் அப்பனே தூக்கக் கலக்கத்தில் வீட்டில் இருந்துவிட்டான், இவர்தான் போனார். எல்லோருக்கும் ஒரே சட்டம்: ஐந்து மணி நேரம் முன்னால். பிள்ளைகள் அவரைக் கேலி செய்தார்கள். ஆனால் அவரில்லாமல் கிளம்பவும் இல்லை.

வனஜாவிடமும் ஒரு கேலி இருந்தது. அதைத்தான் புதன்கிழமை ராத்திரி, அழுது ஓய்ந்த பெண்கள் சுவரில் சாய்ந்திருந்தபோது, அவளாகவே சொன்னாள். தெருவுக்கே தெரிந்த கண்ணாடிக் கதை.

"மொத மொதல்ல இவள மஸ்கட்டுக்கு அனுப்பறோம். கல்யாணமாகி மூணு மாசம். காலைல கூட்டிட்டுப் போனவரு, கொஞ்ச நேரத்துலயே வாசல்ல வந்து நிக்கறாரு. டாக்சியில. வேர்த்து விறுவிறுத்து. என்னாங்கன்னா, கண்ணாடிய மறந்துட்டேங்கறாரு. கண்ணாடிக்காக அங்கருந்து டாக்சி வெச்சிட்டு வந்தீங்களான்னு கேக்கறேன், பதிலே இல்ல. ரூமுக்குள்ள போனாரு, பழைய பேப்பர் கட்டு ஒண்ண கக்கத்துல இடுக்கிட்டு வெளிய வராரு. அது எதுக்குங்கன்னா, வழியில படிக்கறதுக்காம். சரிதான், கண்ணாடி வந்துடுச்சே, படிக்க பேப்பர் வேணாமா."

சாவு வீட்டில் சிரிப்பு எழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சௌம்யா மட்டும் எழுந்து சமையலறைக்குள் போனாள். பாவம், அப்பன் நினைப்பு என்று விட்டுவிட்டாள் வனஜா.

வழக்கமாக வரும் சுதீரின் டாக்சி வந்தது. பெட்டிகளை ஏற்றினார்கள். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொள்ளக் கூடாது, இருப்பவர்கள் வழியனுப்பவும் கூடாது. சௌம்யா யாரையும் பார்க்காமல் வண்டியில் ஏறினாள். சந்திரம்மா கோலம் போடாத தன் வாசலைப் பெருக்கிக்கொண்டே இருந்தாள், நிமிரவில்லை. ஞானசேகரன் நாற்காலியைத் தெருவுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டார். வண்டி திரும்பும்போது வனஜா பார்த்தாள்: அவர் பின்னங்கழுத்து மட்டும் லேசாக அசைந்தது, திரும்பிப் பார்க்க நினைத்து அடக்கிக்கொண்டது போல.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

ஹெப்பாள் மேம்பாலத்தில் வண்டிகள் நின்றன. ஞானசேகரன் ஜெயித்துவிட்டார் என்று நினைப்பதற்குள் நகர ஆரம்பித்தன. வனஜா ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இந்த ரோட்டில் அவள் வந்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று. வண்டியில் இடம் இருக்காது, அல்லது கடைசி நிமிடப் பொடி அடுப்பில் வறுபட்டுக்கொண்டிருக்கும்.

"ஏன்டி சௌமி, அவ்வளவு முன்னாடி போய் ரெண்டு பேரும் என்ன பேசுவீங்க?"

"பேசறதா? எறங்கினதும் டிராலியில பெட்டிய ஏத்துவாரு. உள்ள போ, உள்ள போன்னு முதுகுல கைய வெச்சுத் தள்ளிடுவாரு. ஒரு காபி கூட வாங்கித் தந்ததில்ல."

வனஜா இதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருஷமாக அவள் மனதில் ஒரு படம் இருந்தது: அப்பனும் மகளும் எங்கோ ஒரு மர நிழலில் உட்கார்ந்து, அவளுக்குத் தெரியாமல் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பதாக. அதில் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

"அப்புறம் எதுக்கு அவ்வளவு சீக்கிரம்?"

"தெரியலம்மா."

"நீ உள்ள போயிடறே. பிளேன் போறது சாயங்காலம். இவரு அதுக்கப்புறமும் வரல. நடுவுல எங்க இருந்தாரு?"

"வெளியதான் இருப்பாரு. தெரியல."

தெரியல என்று அவள் சொன்ன விதத்திலேயே தெரியும் என்பது இருந்தது. வனஜா மகளின் முகத்தைப் பார்த்தாள். மகள் போனைப் பார்த்தாள்.

முன்னாலிருந்து சுதீர் சொன்னான்: "ஆன்ட்டி, அங்கிள் என் வண்டியில எத்தன தடவ வந்திருப்பாரு. ஒரு தடவ கூட திரும்பி வந்ததில்ல. நான் வெயிட் பண்றேன் அங்கிள், காசு வேணாம்னா கூட கேக்க மாட்டாரு. நீ போப்பா, நான் இருந்து பாத்துட்டு வரேம்பாரு. பஸ்ஸுலதான் வருவாரு."

"எனக்கும் அதேதான் போன்ல. நீ சாப்பிடு, நான் இருந்து பாத்துட்டு வரேன். எதை பாக்கறீங்கன்னா போன வெச்சிடுவாரு."

"என்னதான் பாத்தாரு ஆன்ட்டி?"

"அதத்தான் பாக்கப் போறேன்."

விமான நிலையம் அவள் நினைத்ததைப் போல இல்லை. பெரிய கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள். இங்கே செடிகளும் மூங்கில் வேலைப்பாடும், கண்ணாடிக் கதவுகளும். கதவுக்குக் கதவு துப்பாக்கியோடு காவலர்கள். டிக்கெட் உள்ளவர்கள் உள்ளே, மற்றவர்கள் வெளியே. வெளியே இருந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பி நின்றார்கள்.

காபிக் கடை ஒன்றின் முன்னால் நாற்காலிகள் இருந்தன. சௌம்யா டிராலியை அங்கே நிறுத்தினாள்.

"உள்ள போகலியா?"

"நேரம் கெடக்கும்மா. இப்ப தள்றதுக்கு யாரு இருக்கா? கொஞ்ச நேரம் உக்காரு."

உட்கார்ந்தார்கள். சிவப்புத் துணி கட்டாத பெட்டியை வனஜா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் இடுப்பிலிருந்த கைக்குட்டையை எடுத்து அதன் கைப்பிடியில் கட்டினாள். சிவப்பு இல்லை, வெளுத்த நீலம். பரவாயில்லை என்று தோன்றியது. கை ஏதாவது செய்யப் பழகியது; அடுத்து சந்திரம்மா கொடுத்தனுப்பிய சட்னிப்பொடிப் பொட்டலம் ஞாபகம் வந்தது. இந்த முறை வீட்டிலிருந்து பொடி கிடையாது. துக்க வீட்டில் வறுக்கக் கூடாது. அதனால் எதிர்வீட்டிலிருந்து.

மகளின் கைப்பையைத் திறந்தாள். உள்ளே இடமில்லை. மேலாக இருந்த ஃபைலை எடுத்து நாற்காலிமேல் வைத்தாள்.

"அம்மா, அந்த ஃபைல மட்டும் எடுக்காதே."

குரல் உயரவில்லை. ஆனால் சொல்லும்போதே சௌம்யாவின் கை வந்து ஃபைலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டது. அடுப்பில் கை வைக்கப் போகும் குழந்தையைப் பிடிப்பது போல.

"என்னடி, ஃபைல எடுத்தா என்னா? பொடிய அடியில வெச்சிட்டு திரும்ப மேல வெக்கப் போறேன்."

"வெச்சிடுவே. தெரியும்."

"அப்புறம் என்ன?"

சௌம்யா ஃபைலின் ஓரத்தை நீவினாள். கடைக்குள் யாரோ பால் நுரைக்க வைக்கும் இரைச்சல் கேட்டு அடங்கியது.

"அப்பா கண்ணாடி மறக்கலம்மா" என்றாள்.

"எப்ப?"

"அன்னிக்கி. மொத தடவ. கண்ணாடி பாக்கெட்லதான் இருந்துது."

வனஜா பொட்டலத்தோடு மகள் பக்கம் திரும்பினாள்.

"கவுன்டர்ல விசா தாள் கேட்டாங்க. பைய தொறந்து பாக்கறேன், ஃபைலே இல்ல. ஃபைல் இருந்த எடத்துல பருப்புப்பொடி டப்பா இருக்கு. அழுதுகிட்டே வெளிய ஓடி வந்தேன். நல்லவேளை அப்பா கெளம்பல, பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தாரு. நீ இங்கயே நில்லு, அசையாதேன்னு சொல்லிட்டு டாக்சியில ஏறிட்டாரு. கவுன்டர் மூடற நேரத்துக்கு வந்து சேந்தாரு. மூச்சு விட முடியல அவரால. பேப்பர் கட்ட அப்படியே என் கையில குடுத்தாரு. உள்ள ஃபைல் இருந்துது."

"எங்க இருந்துதாம் ஃபைலு?"

"உன் பீரோ மேல. பொடி டப்பாவுக்கு எடம் பத்தலன்னு எடுத்து வெச்சிருக்கே. திரும்ப வெக்க மறந்துட்டே."

வனஜா யோசித்தாள். பீரோ மேல். ஆமாம். பச்சை ஃபைல். அதை எடுத்தது கூட இப்போது கைக்கு ஞாபகம் வருவது போல இருந்தது. திரும்ப வைத்தது ஞாபகம் இல்லை. அவர் அறைக்குள் போனதும், பேப்பர் கட்டோடு வந்ததும், தான் வாசல் வரைக்கும் பின்னாலேயே போய், "கண்ணாடிக்காக யாராவது வருவாங்களா" என்று அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி சொன்னதும்தான் ஞாபகம் வந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது சொல்லியிருக்கிறாள். அவரும் சிரித்திருக்கிறார்.

"ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு என் கிட்ட சத்தியம் வாங்கினாரு. சொன்னா அடுத்த தடவ உங்கம்மா பொடியே கட்ட மாட்டான்னு சொன்னாரு."

காபிக் கடையின் நிழல் நாற்காலிகளைத் தாண்டிக் கொஞ்சம் நகர்ந்திருந்தது. வனஜா பொட்டலத்தை இன்னும் கையில் வைத்திருந்தாள்.

"அதுக்கப்புறம்தான் இந்த அஞ்சு மணி நேரம்" என்றாள் சௌம்யா. "எனக்கில்லம்மா அது. என் வேலைக்கு ரெண்டு மணி நேரம் போதும். மிச்சம் அவரு வீட்டுக்குப் போய்வர. எதையாவது மறந்திருந்தா எடுத்துட்டு வரணுமில்ல. அதனாலதான் போனதும் உள்ள தள்ளுவாரு. என்ன இல்லைன்னு சீக்கிரம் தெரியணும் அவருக்கு."

"செவ்வாய்க்கிழம இதச் சொல்லியிருக்கலாமே, எதுக்கு சண்ட போட்டே?"

"நீ சப்பாத்தி போட்டுட்டு இருந்தே, பக்கத்துலயே. உன் காதுல விழற மாதிரி அத எப்படி சொல்றது?"

வனஜா தலையை ஆட்டினாள். பொட்டலத்தைத் தானே தட்டையாக்கி, துணிகளுக்கு ஓரமாகச் செருகினாள். மகள் மடியிலிருந்து ஃபைலை வாங்கினாள். இந்த முறை சௌம்யா தடுக்கவில்லை. அதை மேலாக வைத்து, பையின் ஜிப்பை இழுத்து, இன்னொரு முறை திறந்து, இருக்கிறதா என்று பார்த்து, மூடினாள்.

"பாஸ்போர்ட்டு?"

"கையில."

"கார்டு?"

"இருக்கு."

"போ. உள்ள போ."

"இன்னும் நேரம் இருக்கும்மா."

"போடி" என்று அவள் முதுகில் கை வைத்தாள்.

கதவருகே காவலர் டிக்கெட்டையும் முகத்தையும் பார்த்தார். சௌம்யா உள்ளே கால் வைக்கும் முன் திரும்பினாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள். சொல்லலாமா கூடாதா என்று அவளுக்கும் தெரியவில்லை போல. இது சாவு வீடு இல்லை. ஆனால் சாவு வீட்டிலிருந்து வந்தவள் எதிரில் நிற்கிறாள். வாயை மூடிக்கொண்டாள். டிராலியைத் தள்ளிக்கொண்டு போனாள். நீலக் கைக்குட்டை கொஞ்ச தூரம் தெரிந்தது.

சுதீர் போன் செய்தான். "நான் பார்க்கிங்ல இருக்கேன் ஆன்ட்டி. போலாமா?"

"நீ ஒரு தூக்கம் போடுப்பா. நான் கூப்பிடறேன்."

அவள் அதே நாற்காலிக்குத் திரும்பினாள். அங்கிருந்து கதவு தெரிந்தது, பக்கத்தில் விமானங்களின் பெயர் ஓடும் பலகையும். அதைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தது. கடையிலிருந்து ஒரு பெண் வந்து மேசையைத் துடைத்தாள். சட்டையில் தர்ஷினி என்று பெயர்ச்சீட்டு.

"காபி வேணுமா ஆன்ட்டி?"

"குடும்மா. சக்கரை கம்மி." அவள் திரும்புவதற்குள் கேட்டாள்: "இங்க ஒரு பெரியவரு வருவாரா? உயரமா இருப்பாரு, பாக்கெட்ல கண்ணாடி வெச்சிருப்பாரு."

"போர்டு அங்கிளா?"

"யாரு?"

"நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். போர்டையே பாத்துட்டு இருப்பாரு. மாசத்துக்கு ஒரு தடவையாவது வருவாரு. ஒரு காபி வாங்கிட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காருவாரு. மொதல்ல எங்க மேனேஜருக்கு பேஜார். அப்புறம் பழகிடுச்சு." அவள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். "யாராவது உள்ளருந்து அழுதுகிட்டு வந்தா போதும், எழுந்து போயிடுவாரு. தன் பிள்ளை, அடுத்தவங்க பிள்ளைன்னு கெடயாது. என்ன மறந்துட்டேம்மா, வீடு எங்கன்னு கேப்பாரு. ஒரு தடவ யாரோ ஒரு பொண்ணுக்காக ஊரோட அந்தக் கோடி, பொம்மனஹள்ளி வரைக்கும் போய்ட்டு வந்தாரு. அந்தப் பொண்ணு இங்கதான் உக்காந்திருந்துச்சு, பையப் பிடிச்சிட்டு."

"எங்கிட்ட சொல்லவே இல்ல" என்றாள் வனஜா.

"நீங்க அங்கிள் வீடா?"

"ஆமா."

"பிளேன் போனப்புறமும் போக மாட்டாரு ஆன்ட்டி. அதான் போயிடுச்சே அங்கிள்னா, மேல போனது கீழ எறங்காதுன்னு யாரு சொன்னாங்கம்பாரு. திரும்பி வந்தா வெளிய யாராவது நிக்கணுமாம்." சிரித்தாள். "இன்னிக்கி வரலியா?"

"இன்னிக்கி நான் வந்திருக்கேன்."

தர்ஷினி காபி கொண்டுவந்து வைத்தாள். சக்கரை சரியாக இருந்தது. நடுவில் இரண்டு முறை சௌம்யா அழைத்தாள். பெட்டி போட்டாச்சு. உள்ளே வந்தாச்சு. எல்லாம் இருந்தது, எதுவும் மறக்கவில்லை. நீ கிளம்பு என்றாள். சரி என்றாள் வனஜா. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் உள்ளே போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரு பையன் மட்டும் வெளியே வந்து பையைத் தடவிக்கொண்டு நின்றான். வனஜா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள். அதற்குள் அவனுக்குத் தேடியது கிடைத்துவிட்டது, உள்ளே ஓடினான். அவள் உட்கார்ந்துகொண்டாள்.

நாலு மணி தாண்டியது. பலகையில் மஸ்கட் வரி ஒரு முறை மினுங்கி, பிறகு காணாமல் போனது. அவள் அண்ணாந்து பார்த்தாள். எந்த விமானம் என்று தெரியவில்லை, ஏதோ ஒன்று வெயிலில் பளபளத்துக்கொண்டு மேலே ஏறியது.

போன் அடித்தது. ஞானசேகரன்.

"அண்ணி, பிளேன் கெளம்பிடுச்சு. போன்லயே காட்டுது, கடல் பக்கம் போயிட்டு இருக்கா. நீங்க எங்க இருக்கீங்க? சுதீர் இன்னும் பார்க்கிங்லயே இருக்கேங்கறான்."

"இங்கதான் இருக்கேன்."

"அதான் போயிடுச்சே அண்ணி. இன்னும் அங்க என்ன பண்றீங்க? விளக்கு வெக்கற நேரத்துக்கு நீங்க வீட்ல இருக்கணும்."

வனஜா காலி தம்ளரை மேசை ஓரத்துக்கு நகர்த்தினாள். கண்ணாடிக் கதவு திறந்து மூடியது.

"நீங்க விளக்க ஏத்திடுங்க தம்பி. நான் கொஞ்ச நேரம் இருந்து பாத்துட்டு வரேன்."